பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள்: நாமே கட்டிய கேம்பர் வேனின் மின்சார அமைப்பை மேம்படுத்த முழு வழிகாட்டி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறி முடித்து, வண்டியை ஓரங்கட்டி, இண்டக்ஷன் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்த சில நிமிடங்களில் ரப்பர் கருகும் வாடை வந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், இன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிளின் லக் (கேபிள் முனையைப் போல்ட்டில் மாட்டும் செம்பு வளையம்) தொட முடியாத சூட்டில் இருந்தது. அதை ஒட்டிய இன்சுலேஷன் உருகி வழிந்திருந்தது. அந்த லக்கை நான்தான் இரண்டு வருடம் முன்பு சுத்தியலால் தட்டி மாட்டியிருந்தேன். வளைவுகளின் அதிர்வில் அது தளர்ந்துவிட்டது.

அதுவரை எனக்கு இருந்த கவலையெல்லாம் பேட்டரி பற்றியதுதான். 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி இரண்டு பத்தவில்லை, லித்தியம் மாற்ற வேண்டும் என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு யோசித்தபோதுதான் உறைத்தது. பழைய ஈய பேட்டரி, லோடு ஏறியதும் வோல்டேஜ் இறங்கித் தளர்ந்துவிடும். இன்வெர்ட்டரும் 'பீப்' அடித்து நின்றுவிடும். லித்தியம் அப்படித் தளராது. அதே மோசமான லக் வழியாக 150 ஆம்பியரை மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி பலமாக ஆக, வயரிங்கில் உள்ள சின்னப் பிழையும் பெரிய ஆபத்தாகிவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். முதலில் கணக்கு, அப்புறம் கேபிளும் ஃபியூஸும், அதன் பிறகு சார்ஜ் ஏற்றும் வழிகள், கடைசியில்தான் பேட்டரி. என் வண்டி 12 வோல்ட் மின்சாரம் கொண்ட டெம்போ டிராவலர் வகை வேன். எண்கள் எல்லாம் அதற்கானவை. உங்கள் வண்டி பஸ் அல்லது லாரி சேசிஸில் கட்டியது என்றால் அங்கே பெரும்பாலும் 24 வோல்ட் இருக்கும். கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு நோட்டை எடுத்து, வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். இரண்டையும் பெருக்கினால் வாட் மணி. என் வண்டியின் கணக்கு இது:

- 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்: 45 வாட். நம் ஊர் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும். 540 வாட் மணி
- பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, தலா 25 வாட், 9 மணி நேரம்: 450
- எல்இடி விளக்கு ஐந்து: 100
- லேப்டாப்: 240
- போன், கேமரா, ரவுட்டர்: 80
- தண்ணீர் பம்பு: 20
- மிக்ஸி, பத்து நிமிடம்: 95
- இண்டக்ஷன் அடுப்பு, 1400 வாட், சுமார் 35 நிமிடம்: 900
- இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கத் தின்பது, 20 வாட், 6 மணி நேரம்: 120

மொத்தம் சுமார் 2550 வாட் மணி. மிக்ஸிக்கும் அடுப்புக்கும் இன்வெர்ட்டரில் போகும் பத்து சதவீத நஷ்டத்தையும் சேர்த்திருக்கிறேன். கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஆனில் விட்டால் அது மட்டும் 480 வாட் மணி. கிட்டத்தட்ட இன்னொரு ஃபிரிட்ஜை ஓட்டுவது போல.

பட்டியலைப் பார்த்தவுடன் ஒன்று தெரியும். மூன்றில் ஒரு பங்கைத் தின்பது அடுப்பு. சமையலை கேஸுக்கே விட்டுவிட்டால் தேவை 1650-க்கு இறங்கிவிடும், உங்கள் செலவும் குறையும். மூடிய வேனுக்குள் கேஸ் சிலிண்டர் வைத்துத் தூங்க எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் இண்டக்ஷனைப் பிடித்துக்கொண்டேன். இது அவரவர் முடிவு. ஆனால் பொருள் வாங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு.

ஏசி மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: அது வேறு உலகம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ஒரு இரவுக்கு 4000 வாட் மணிக்கு மேல் கேட்கலாம். அதற்கு 48 வோல்ட் அமைப்பைத் தனியாகத் திட்டமிடுங்கள். இங்கே சொல்வது அதற்குப் போதாது.

இரண்டாம் படி: 12 வோல்ட்டிலேயே இருக்கலாமா?

இன்வெர்ட்டர் எவ்வளவு பெரியது என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில், 90 சதவீதத் திறனில், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இழுப்பது: 2000 ÷ 0.9 ÷ 12 = 185 ஆம்பியர். 24 வோல்ட் என்றால் இதில் பாதி.

நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை 200 ஆம்பியர். அதற்குள் இருந்தால் 12 வோல்ட். அதைத் தாண்டினால் கேபிளின் தடிமன், லக், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாமே கையாள முடியாத அளவுக்கு ஊதிவிடும். அப்போது 24-க்குப் போவதே நல்லது. என் ஃபிரிட்ஜ், மின்விசிறி, பம்பு எல்லாம் 12 வோல்ட் என்பதால் 12-இலேயே நின்றேன்.

மூன்றாம் படி: கேபிள், லக், ஃபியூஸ்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். வேனில் தீப்பிடிக்க வைக்கக்கூடிய இடம் இதுதான்.

கேபிளின் தடிமனுக்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. வோல்டேஜ் இழப்பு = 2 × நீளம் (மீட்டர்) × ஆம்பியர் × 0.0175 ÷ கேபிள் அளவு (ஸ்கொயர் எம்எம்). 0.0175 என்பது செம்பின் தடை எண். இரண்டால் பெருக்குவது, மின்சாரம் போன வழியே திரும்பியும் வர வேண்டும் என்பதால்.

முன்னால் இருக்கும் வண்டி பேட்டரியிலிருந்து பின்னால் உள்ள சார்ஜருக்கு 5 மீட்டர், 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 6 ஸ்கொயர் எம்எம் கேபிள் போட்டால் 0.88 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 12 வோல்ட்டில் இது 7.3 சதவீதம். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.33 வோல்ட்தான். வீட்டு வயரிங் பழகிய எலக்ட்ரீஷியன் 30 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர் எம்எம் தாராளம் என்பார். 230 வோல்ட்டில் அது சரி. அங்கே ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் பேட்டரி நிறையாது.

இன்வெர்ட்டருக்கு 1.5 மீட்டருக்குள் 70 ஸ்கொயர் எம்எம் போட்டேன். 185 ஆம்பியரில் இழப்பு 0.14 வோல்ட். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். தூரம் தேவைப்பட்டால் 230 வோல்ட் வயரை நீட்டுங்கள், பேட்டரி கேபிளை நீட்டாதீர்கள்.

கேபிள் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவான ஜம்ப் ஸ்டார்ட் கேபிள்கள் பலவும் இப்படித்தான். மெல்லிய இழைகள் நிறைய உள்ள சுத்த செம்பு வெல்டிங் கேபிள் வேனுக்கு நன்றாகப் பொருந்தும். வளையும், அதிர்வில் உடையாது.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால், கேபிள் அளவுக்கே உரிய அச்சில் அழுத்த வேண்டும். கருவி வாங்க வசதியில்லை என்றால் கேபிளை அளந்து எடுத்துக்கொண்டு பேனல் போர்டு கட்டும் பட்டறைக்குப் போங்கள். லக்குக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அழுத்தித் தருவார்கள். ஈயம் ஊற்றிப் பற்றவைக்க வேண்டாம். சூடானால் ஈயம் இளகும். அது நிற்கும் ஓரத்தில் கேபிள் விறைத்து, அதிர்வில் முறியும். கிரிம்ப் செய்தபின் ஒரு கையில் லக், மறு கையில் கேபிள் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். நூலளவும் நகரக்கூடாது. பிறகு ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்.

போல்ட்டில் மாட்டும்போது லக்கின் செம்பு நேராகப் பஸ்பாரின் (பல கேபிள்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) மீது உட்கார வேண்டும். வாஷர் லக்குக்கு மேலேதான் வரும். லக்குக்கும் பஸ்பாருக்கும் நடுவில் வாஷரைப் போட்டால், அந்த மெல்லிய இரும்புத் தகடு வழியாகத்தான் மொத்த மின்சாரமும் போகும். இந்தப் பிழையை நான் மூன்று வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸ் எதற்கு? பொருளைக் காப்பாற்ற என்றுதான் நினைக்கிறோம். அது கேபிளைக் காப்பாற்றத்தான். கேபிள் தாங்குவதைவிடக் குறைவாக, பொருள் கேட்பதைவிடக் கூடுதலாக ஃபியூஸ் இருக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முதல் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது.

லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும், உள்ளே தீப்பொறி வளைந்து எரிந்துகொண்டே மின்சாரத்தைக் கடத்தலாம். அதனால் மெயின் ஃபியூஸுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை வெட்டி நிறுத்தும். நான் 250 ஆம்பியர் கிளாஸ் டி போட்டிருக்கிறேன். வீட்டுப் பலகையில் இருக்கும் ஏசி (மாறுதிசை மின்சார) எம்சிபியை, பேட்டரி தரும் டிசிக்கு (நேர்திசை மின்சாரம்) போடவே கூடாது. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், தீப்பொறி அணைய வழி கிடைக்கும். டிசியில் அந்த இடைவெளி இல்லை.

மொத்த அமைப்பு இப்படி வரும். பேட்டரி பாசிட்டிவ், கிளாஸ் டி ஃபியூஸ், கையால் திருப்பும் மெயின் சுவிட்ச், பாசிட்டிவ் பஸ்பார். பஸ்பாரிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ்: இன்வெர்ட்டருக்கு ஒன்று, சோலார் கன்ட்ரோலருக்கு 40 ஆம்பியர், டிசி டு டிசி சார்ஜருக்கும் (ஐந்தாம் படியில் வரும்) விளக்கு, மின்விசிறிக்கான சின்ன ஃபியூஸ் பெட்டிக்கும் தலா 60 ஆம்பியர். நெகட்டிவ் பக்கம் பேட்டரியிலிருந்து நேராக ஷன்ட்டுக்கு (போகும் வரும் மின்சாரத்தை மீட்டருக்காக அளக்கும் துண்டு), அங்கிருந்து நெகட்டிவ் பஸ்பாருக்கு. ஷன்ட்டைத் தாண்டி எந்த வயரும் நேரடியாகப் பேட்டரி நெகட்டிவுக்குப் போகக்கூடாது. போனால் மீட்டர் காட்டும் கணக்கு பொய்யாகிவிடும்.

நான்காம் படி: சோலார்

பழைய அமைப்பில் என்னிடம் இருந்தது பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். அது பேனலின் வோல்டேஜைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துக் கட்டிவிடும். வீட்டுக்கூரையில் போடும் 330 வாட் பேனலை எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 37 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். அதை பிடபிள்யூஎம் வழியாக 13 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் கிடைப்பது 13 × 8.8, அதாவது 115 வாட்தான். மீதி 200 வாட் வீண். எம்பிபிடி கன்ட்ரோலர் அந்தக் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும். வண்டியின் கூரையில் இடம் கொஞ்சம்தான், அதனால் எம்பிபிடி தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

கன்ட்ரோலரில் இரண்டு எண்கள் இருக்கும். 100/30 என்றால் பேனல் பக்கம் அதிகபட்சம் 100 வோல்ட், பேட்டரி பக்கம் 30 ஆம்பியர். முதல் எண்ணைத் தாண்டினால் கன்ட்ரோலர் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதையும் மாட்டாதபோது பேனல் காட்டுவது) 25 டிகிரி வெப்பத்துக்கானது. ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் அது சுமார் 0.3 சதவீதம் ஏறும். 46 வோல்ட் பேனல் இரண்டை சீரிஸில் போட்டால் கோயம்புத்தூரில் 92 வோல்ட், பிரச்சினை இல்லை. அதே வண்டியை லடாக்குக்கு ஓட்டிப் போய், மைனஸ் 10 டிகிரியில் விடியும் காலையில் வெயில் பட்டால் 101 வோல்ட்டைத் தாண்டும். அதனால் 20 சதவீதம் இடைவெளி விட்டே கணக்குப் போடுங்கள். நான் 24 வோல்ட் காட்டும் 200 வாட் பேனல் இரண்டை சீரிஸில் போட்டேன். எவ்வளவு குளிர்ந்தாலும் 60-ஐத் தொடாது.

400 வாட் பேனலிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கூரையில் படுத்த நிலை, சூடு, தூசி எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழித்துவிடுங்கள். நல்ல வெயில் நாளில் நாலரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று எடுத்தால் 400 × 4.5 × 0.7 = 1260 வாட் மணி. என் தேவையில் பாதி. மீதியை எஞ்சின்தான் தர வேண்டும்.

பேனலைக் கூரையோடு ஒட்டிவிடாமல் அடியில் காற்றுப் போக இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். பேனல் சூடேறினால் மின்சாரம் குறையும்.

ஐந்தாம் படி: ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது

பழைய வண்டிகளில் ஒரு ரிலே இருக்கும். எஞ்சின் ஓடும்போது வண்டி பேட்டரியையும் வேனுக்குள் நாம் பயன்படுத்தும் பேட்டரியையும் இணைக்கும், நின்றால் பிரிக்கும். ஈய பேட்டரிக்கு அது போதும். லித்தியத்துக்கு இரண்டு காரணங்களால் அது ஆகாது.

முதல் காரணம் ஆல்டர்நேட்டர், மெக்கானிக்குகள் வாயில் டைனமோ. லித்தியம் பேட்டரியின் உள் தடை மிகக் குறைவு. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கும். டைனமோ தன் முழு பலத்தையும் நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். டிராஃபிக்கில் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அதன் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். சூட்டில் சுருள் கருகிவிடும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. ரிலே வோல்டேஜைப் பார்த்துத்தான் எஞ்சின் ஓடுகிறதா என்று முடிவு செய்கிறது; 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரிக்கும். லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட்டில் இருக்கும். எனவே ரிலே வெகுநேரம் பிரியவே பிரியாது. நீங்கள் வண்டியை நிறுத்தித் தூங்கினாலும் வண்டி பேட்டரியும் வேனுக்குள் உள்ள பேட்டரியும் ஒன்றாகவே கிடக்கும்.

இதற்கு விடை டிசி டு டிசி சார்ஜர். டைனமோவிலிருந்து தனக்கு விதித்த அளவுக்குமேல் இழுக்காது, லித்தியத்துக்குத் தேவையான வோல்டேஜைத் தானே உருவாக்கித் தரும். பிஎஸ்-6 வண்டிகளில் டைனமோவின் வோல்டேஜ் ஏறி இறங்கக்கூடும் என்பதால் அங்கே இது இன்னும் அவசியம். 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 400 வாட் மணி தரும். மூன்று மணி நேரம் ஓட்டினால் 1200. சோலாரின் 1260-ஐயும் சேர்த்தால் என் தேவைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

இந்தக் கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது. ஆகவே இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். பலரும் ஒரு பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கேபிள் சேசிஸ் வழியாகப் போகும் இடங்களில் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சைலன்சரிலிருந்து தள்ளி, தகட்டில் துளைத்த ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் குரோமெட் போடுங்கள். சார்ஜர் நன்றாகச் சூடாகும். அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

வெளி மின்சாரம் கிடைக்கும் இடங்களுக்காக லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜர் ஒன்றும் வேண்டும். வீட்டு யுபிஎஸ் இன்வெர்ட்டரை டியூபுலர் நிலையில் வைத்து இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஈய பேட்டரியை அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொதிக்கவிடும் வழக்கம் சிலவற்றில் உண்டு. லித்தியத்துக்கு அது அடி.

ஆறாம் படி: இப்போது பேட்டரி

வேனுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான், சுருக்கமாக எல்எஃப்பி. போன், லேப்டாப்பில் உள்ள லித்தியம் வகைகளைவிட வெப்பத்தில் கட்டுக்கடங்காமல் போகும் வாய்ப்பு இதில் குறைவு. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு செல் 3.2 வோல்ட். நான்கு செல் சேர்ந்தால் 12.8. 280 ஏஎச் என்றால் 3584 வாட் மணி. 80 சதவீதம் வரை பயன்படுத்தினால் சுமார் 2870. வெயிலே இல்லாத ஒரு நாளை வண்டி நகராமலேயே தாங்கும். என் பழைய 300 ஏஎச் ஈய பேட்டரியும் காகிதத்தில் 3600 வாட் மணிதான். ஆனால் அந்த அளவு 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அடுப்பு 130 ஆம்பியர் இழுத்தால் அந்தப் பாதியும் கிடைக்காது. எடையில் வித்தியாசம் இன்னும் கண்கூடு. பழைய இரண்டும் நூறு கிலோவுக்கு மேல், இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்கினோம். புதியது முப்பது கிலோவுக்குள்.

செல்லை வாங்கி நாமே கட்டுவதா, தயாராகக் கட்டிய பேட்டரியா? செல்களை ஒரே மட்டத்துக்கு சார்ஜ் செய்து சமன்படுத்தவும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் சட்டம் கட்டவும், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் எலக்ட்ரானிக் பலகை) வயர்களை வரிசை தப்பாமல் மாட்டவும் பழக்கம் இருந்தால் கட்டலாம். இதுதான் உங்கள் முதல் லித்தியம் என்றால் தயாராக உள்ளதை வாங்குங்கள். ஆனால் இந்த மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பிஎம்எஸ் தொடர்ந்து 200 ஆம்பியர் தாங்குமா; பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்துமா; ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் போனில் பார்க்க முடியுமா.

இரண்டாவது கேள்வி தமிழ்நாட்டுக்குள் ஓட்டுபவருக்குத் தேவையில்லாததாகத் தோன்றும். உறையும் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மின்முனையின் மேல் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. 3500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் அக்டோபர் இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஊட்டியில்கூட ஜனவரியில் உறைபனி விழுகிறது. பேட்டரியை வண்டிக்கு வெளியே சேசிஸில் தொங்கவிடாமல் நாம் தூங்கும் அறைக்குள்ளேயே வைத்தால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

நமக்கு உண்மையான எதிரி சூடு. மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேன் அடுப்பு மாதிரிதான். தரைமட்டத்தில், எஞ்சினிலிருந்தும் வெயில் படும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். வண்டி பல வாரம் சும்மா நிற்கும் என்றால் 50, 60 சதவீதத்தில் நிறுத்தி மெயின் சுவிட்சை அணையுங்கள். முழுதாக நிரப்பிச் சூட்டில் போட்டுவைத்தால் சீக்கிரம் கிழடு தட்டும்.

ஏழாம் படி: பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது

மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பழைய வயரிங்கைப் பல கோணங்களில் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டுங்கள்.

கழற்றும் வரிசை: வெளி மின்சார பிளக், அப்புறம் எல்லா லோடும், இன்வெர்ட்டர். பிறகு பேனலைக் கம்பளியால் மூடி அதன் இணைப்பைப் பிரியுங்கள். பேனல் எப்போதும் பேட்டரிக்கு முன்பே பிரிய வேண்டும், மாட்டும்போது பேட்டரிக்குப் பின்பே சேர வேண்டும். கடைசியாகப் பேட்டரி, அதில் நெகட்டிவ் முதலில். டியூபுலர் பேட்டரி இருந்த தட்டில் அமிலம் கசிந்திருக்கும். சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றி, நுரை அடங்கும்வரை கழுவுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். புது பேட்டரி விற்பவரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடமோ எடை போட்டுக் கொடுக்கலாம். பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்கே போக வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதி.

புதிய பேட்டரியைத் தரையோடு போல்ட் போட்டுப் பட்டையால் கட்டுங்கள். அவசர பிரேக்கில் முப்பது கிலோ பெட்டி பறந்து வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துக் கட்டுங்கள்.

எல்லாம் மாட்டியபின் மெயின் சுவிட்சைச் சட்டென்று திருப்ப வேண்டாம். இன்வெர்ட்டருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். முதல் நொடியில் ஷார்ட் போல மின்சாரத்தை இழுக்கும். சுவிட்ச் முனை கருகும், அல்லது பிஎம்எஸ் பயந்து அணைந்துவிடும். ஒரு பழைய 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை வயர் வைத்து சுவிட்சின் இரு முனைக்கும் நடுவே தொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கும். மங்கியதும் சுவிட்சைத் திருப்பலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ லோடு ஓடுகிறது, அல்லது ஷார்ட். தேடிக் கண்டுபிடியுங்கள்.

எட்டாம் படி: 230 வோல்ட் பக்கம்

இதை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். வேன் ஒரு இரும்புப் பெட்டி, நாம் அதற்குள் ஈரக் காலோடு நிற்கிறோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். அது வேலை செய்ய வேண்டுமானால், இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலும் வண்டியின் பாடியும் இன்வெர்ட்டர் பக்கத்தில் ஓரிடத்தில் இணைந்திருக்க வேண்டும். அந்த இணைப்பு இல்லாவிட்டால், பாடியில் மின்கசிவு வந்தாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாமல் போகலாம். டெஸ்ட் பட்டன் மட்டும் சரியாக 'டக்' என்று விழுந்து நம்மை ஏமாற்றும். வெளி மின்சாரம் மாட்டும்போது அந்த இணைப்பு தானாகப் பிரிய வேண்டும். சில இன்வெர்ட்டர் சார்ஜர்களில் இதற்கென ரிலே உள்ளேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் பியூர் சைன் வேவ் ஆகவே இருக்கட்டும். சதுர அலையில் இண்டக்ஷன் அடுப்பும் மிக்ஸியும் சிரமப்படும்.

ஒன்பதாம் படி: எண்களை அமைப்பது, சோதிப்பது

சோலார் கன்ட்ரோலர், டிசி சார்ஜர், ஏசி சார்ஜர் மூன்றிலும் ஒரே எண்கள் இருக்கட்டும். அப்சார்ப்ஷன் (நிறையும் கட்டம்) 14.2 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்தபின்) 13.5 வோல்ட், ஈக்வலைசேஷன் (ஈய பேட்டரியைக் கொதிக்கவிடும் முறை) அணைத்து, வெப்பத்துக்கேற்ப வோல்டேஜை மாற்றும் வசதி பூஜ்யம். 14.6 வரை ஏற்றலாம் என்று பேட்டரியில் எழுதியிருக்கும். ஆனால் அந்தக் கடைசிச் சொட்டுக்காகச் செல்லை வருத்த வேண்டியதில்லை. இன்வெர்ட்டரின் கீழ் எல்லை 12.0 வோல்ட்.

பேட்டரியை ஒருமுறை முழுதாக நிரப்பி, மீட்டரை 100 சதவீதம் என்று வையுங்கள். ஷன்ட் மீட்டரில் கொள்ளளவு 280, நிறைந்த வோல்டேஜ் 14.0, திறன் 99 சதவீதம். வோல்டேஜைப் பார்த்தே சார்ஜ் அளவைச் சொல்லும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் இருந்தாலும் பாதிக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் எல்எஃப்பி ஏறக்குறைய அதே 13.2-ஐத்தான் காட்டும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிப் பார்க்கும் ஷன்ட்தான் ஒரே வழி.

இனிதான் முக்கியமான சோதனை. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்தையும் தொட்டு அளவெடுங்கள்: லக்குக்கும் போல்ட்டுக்கும் நடுவில், சுவிட்சின் இரு முனையில், ஃபியூஸின் இரு முனையில். 150 ஆம்பியரில் ஒரு மூட்டில் 100 மில்லிவோல்ட் காட்டினால் அந்த இடத்தில் 15 வாட் சூடு உருவாகிறது என்று அர்த்தம். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சொருகி வைத்தது போல. என் பழைய லக்கில் இதுதான் நடந்திருக்கிறது. நல்ல மூட்டு ஒற்றை இலக்க மில்லிவோல்ட்டில் நிற்கும். ஃபியூஸ் இயல்பிலேயே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதை மற்ற மூட்டுகளோடு ஒப்பிடாதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் அதையும் காட்டிப் பாருங்கள். பக்கத்து மூட்டுகளைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதைக் கழற்றி மீண்டும் செய்யுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். சரியாக இறுக்கிய போல்ட்டின் தலைமேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அதைப் பஸ்பார் வரை இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் பார்த்தவுடன் தெரியும், ஸ்பேனரே எடுக்க வேண்டாம்.

வண்டியின் கட்டமைப்பில் பதிவுச் சான்றிதழில் இல்லாத மாற்றம் செய்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. முழு வயரிங் படத்தையும் ஒரு அட்டையில் வரையுங்கள். எந்தக் கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்எம், எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், மெயின் சுவிட்ச் எங்கே, சார்ஜர்களில் வைத்த எண்கள் என்ன, எல்லாமே தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். லேமினேட் செய்து பேட்டரிப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள், ஒவ்வொரு அளவிலும் இரண்டு மாற்று ஃபியூஸை அதன் கீழேயே டேப் போட்டு வையுங்கள். ஏதோ ஓர் ஊரில், இரவில், நம் மொழி தெரியாத மெக்கானிக் டார்ச் அடித்து அந்தக் கதவைத் திறக்கும்போது அவருக்கு வேண்டியது அதுதான்.